திரும்பி வரும் உரிமை

1

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன மாசியில் என்னைப் பார்க்க வந்தாள். மாசி என்று எழுதியது பழக்கதோஷம். இங்கே அது பனி உருகாத பிப்ரவரி. என் மகளைவிட வயதில் சிறியவள். காலணியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போனால் அப்படிச் செய்யவேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் லண்டனில் நகராட்சி கட்டிய அடுக்குமாடி ஒன்றில் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். நர்ஸ் வேலைக்கு வந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கணவரைப் புதைத்ததெல்லாம் இந்த வீட்டில் இருந்துகொண்டுதான். சுவரில் ஈரம் ஏறும். லிப்ட் வாரத்துக்கு ஒருமுறை நின்றுபோகும். இருந்தாலும் வீடு.

"மிஸஸ் செலின், இந்தக் கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம்" என்றாள் அந்தப் பெண். "சில வீடுகள் விற்பனைக்கு. சில நடுத்தர வாடகைக்கு. மீதி உங்களைப் போன்றவர்களுக்கு. டாக்டரும் பஸ் டிரைவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள். ஏழைகளை ஓரிடத்தில் குவித்து வைத்தது எங்கள் பழைய தவறு."

"நாங்கள் எங்கே போவது?"

"தற்காலிகமாக வேறிடம். கட்டி முடித்ததும் எல்லோருக்கும் திரும்பி வரும் உரிமை உண்டு." டீயை ஒரு வாய் குடித்தாள். "இதற்குக் குடியிருப்பவர்களின் ஓட்டு வேண்டும். இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நீங்கள் சொன்னால் கேட்பார்களாம். நீங்கள் கொஞ்சம் பேசிப் பார்க்க முடியுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவள் போன பிறகு அடுப்படியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்ன அத்தனையையும் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். செஞ்சியில், தமிழில், என் பதினெட்டாவது வயதில்.

2

செஞ்சிக்காரர்களிடம் கேட்டால் அந்த இடம் யாருக்கும் தெரியாது. கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. லைன் என்போம். ஊரைக் கூட்டுகிறவர்கள், குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். பெரும்பாலும் கோயில்காரர்கள், அதாவது வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். என் நைனா சவரிமுத்து தண்ணீர்க் குழாய் பிட்டர். லைனில் நிரந்தர வேலை இருந்த சிலரில் அவர் ஒருவர். மற்றவர்கள் தினக்கூலி. எந்த ஆபீசு அவர்களுக்குக் கூலி கொடுத்தது, எந்த ஆபீசு வீடு கட்டியது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நாங்கள் வெறுமனே ஆபீசு என்றுதான் சொல்வோம்.

ஒரே அறை. மழைக்காலத்தில் சாக்கடை உள்ளே வரும். ராஜகிரி மலைமேல் மேகம் கறுத்தால் எங்கள் அம்மா தெரசம்மா மற்ற வேலையை விட்டுவிட்டு அரிசிப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைப்பாள்.

பாகிஸ்தான் சண்டை முடிந்த அடுத்த வருஷம். அரிசிக்கு க்யூவில் நின்ற காலம். கதர்ச் சட்டை போட்ட இளம் ஆபீசர் ஒருவர் சைக்கிளில் லைனுக்கு வந்தார். எங்கள் வீட்டு நார்க்கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அதுவரை ஆபீசுக்காரர் எவரும் லைனில் தண்ணீர் குடித்ததில்லை.

"இதையெல்லாம் இடிச்சிட்டுக் காலனி கட்டப்போறோம்" என்றார். "தாலுக்கா ஆபீஸ் கிளார்க்கு, வாத்தியாரு, கடைக்காரங்க, நீங்க எல்லாரும் ஒரே தெருவுல. ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், கக்கூசு. உங்களைத் தனியா ஒதுக்கி வச்சதுதான் இத்தனை நாளா நடந்த அநியாயம்."

மனதாரச் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

லைன்காரர்கள் நம்பவில்லை. புங்கமரத்தடியில் அவர் கூட்டம் போட்டபோது, காலி செய்தால் திரும்ப விடமாட்டார்கள் என்று ஆண்கள் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். அப்போது பாக்கியம் அக்கா எழுந்தாள். அடுத்த வீட்டுக்காரி. பஸ் ஸ்டாண்டைக் கூட்டுகிறவள். புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஒரே மகள் ரோசி, என் வயசு. பாக்கியம் அக்கா பேசினால் லைனே வாயை மூடிக்கொண்டு கேட்கும். யாருக்குப் பிரசவம், யாருக்குச் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பவள் அவள்.

"இன்னாத்துக்கு இப்பிடிப் பயந்து சாவுறீங்க?" என்றாள். "நம்ம வூட்ல தண்ணி குடிச்ச மனுசன் அவரு. அவரு வாயில பொய் வராது. என் பொண்ணு சாக்கடையிலயே பொறந்துச்சு. அதும் புள்ளயும் சாக்கடையிலயே பொறக்கணுமா? நான் காலி பண்றேன். வர்றவங்க வாங்க."

அந்த வாரமே எல்லோரும் காலி செய்தார்கள். போலீஸ் தேவைப்படவில்லை.

3

என் மகள் ரீட்டா கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். எங்கள் குடியிருப்பு அவளுடைய வேலை இல்லை. ஆனால் இதே மாதிரி வேறு இடங்களுக்குப் படம் வரைகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். ஈரச் சுவர் என் நெஞ்சுச் சளிக்கு ஆகாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். எனக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். குழந்தைக்குக் குனிந்து பேசுவதுபோல இருக்கும்.

"அம்மா, இது நல்லது. பணக்காரங்க, ஏழைங்க, எல்லாரும் சேர்ந்து இருக்கறது. அது பேர் என்ன... கலப்படம். கலப்பட வீடு."

பாலில் தண்ணீர் ஊற்றுவதைத்தான் கலப்படம் என்போம், மிளகில் பப்பாளி விதை சேர்ப்பதை. திருத்தவில்லை. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தபோது நான் இரவு டியூட்டி செய்துகொண்டிருந்தேன். பாதியில் நின்றுபோன தமிழ் அது.

"நீ பேசு அம்மா. அவங்க உன்னை நம்பறாங்க" என்றாள்.

சமுதாயக் கூடத்தில் புதுக் குடியிருப்பின் மாதிரியைச் செய்து வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். அட்டையில் செய்த கட்டடங்கள், பச்சைப் பஞ்சு மரங்கள், விரல்நகம் அளவுக்கு மனிதர்கள். அந்தச் சின்ன மனிதர்களில் ஒருவரும் கையில் துணிமூட்டை வைத்திருக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தில் எங்களைத் தற்காலிகமாக வேறிடம் மாற்றுவதற்கு ஒரு வார்த்தை போட்டிருந்தது: டிகேன்ட். அலுவலகக்காரர்கள் எல்லோரும் அதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வேறு இடத்தில் பழக்கம். ஆஸ்பத்திரியில் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். புட்டியை அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மெல்ல ஊற்றிக்கொள்வது. அடியில் தங்கிய மண்டியைக் கொட்டிவிட வேண்டும்.

4

எங்களை மாற்றிய இடம் திருவண்ணாமலை ரோட்டில், கோட்டையைத் தாண்டி, பாறைகளுக்கு அடியில். கீற்றுக் கொட்டகைகள். செஞ்சிப் பாறைகளைக் கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் குடித்த வெயிலை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு ஒரு கல்குட்டை. கல் உடைத்த பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர். மாடு குளிப்பாட்டும் தண்ணீரும் அதுதான். நைனா எங்கிருந்தோ ஒரு டிரம் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். அது வந்தால் உண்டு.

ஆறு மாதம் என்று சொன்னார்கள். ஒரு கோடை போய் மறு கோடையும் வந்தது. பெண்கள் விடியலுக்கு முன்னால் எழுந்து ஊருக்கு நடந்துபோய்த் தெருக்கூட்டிவிட்டு வெயிலில் திரும்பி நடந்துவந்தார்கள். வழியில் பழைய லைன் இருந்த இடத்தில் நின்று பார்ப்பார்கள். சுவர் எழும்பியிருக்கும். மேல்பூச்சு நடக்கும். ரோசிதான் தினமும் வந்து சொல்வாள்.

"செலினு, ஜன்னலுக்குப் பச்சை பெயிண்டு அடிச்சிருக்காங்கடி. நம்ம ரெண்டு வூடும் பக்கத்துல பக்கத்துல குடுப்பாங்களா?"

"குடுக்காம?"

"எங்கம்மா கேட்டா குடுப்பாங்க" என்பாள். அவளுக்கு அம்மாமேல் அவ்வளவு நம்பிக்கை.

இதற்கிடையில் கதர்ச் சட்டை ஆபீசருக்கு மாற்றல் வந்துவிட்டது. வடக்கே எங்கோ. போகும்முன் கொட்டகைக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். "அடுத்து வர்றவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்" என்றார். அடுத்து வந்தவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

வீடு ஒதுக்கிய அன்று எல்லோரும் குளித்து, இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு ஆபீசு வாசலில் உட்கார்ந்திருந்தோம். குமாஸ்தா வெளியே வந்து பெயர் படித்தார். கிளார்க்குகள், வாத்தியார்கள், கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரரின் தம்பி. கடைசியில் எங்கள் ஆட்கள். நைனா பெயர் வந்தது. இன்னும் சிலர் பெயர் வந்தது. படித்து முடித்து உள்ளே போகத் திரும்பினார்.

பாக்கியம் அக்கா குறுக்கே போய் நின்றாள். "சாமி, எம் பேர வுட்டுட்டீங்க."

"நிரந்தர வேலைக்காரங்களுக்குத்தாம்மா வீடு. தினக்கூலிக்கு இல்ல."

"சொல்லும்போது அப்பிடிச் சொல்லலியே. எல்லாருக்கும்னாரே."

"யாரு சொன்னது?"

அவள் பழைய ஆபீசர் பெயரைச் சொன்னாள். அவர் சொன்னது எதுவும் ஆபீசுக்குத் தெரியாது என்றார் குமாஸ்தா. கடுமையாகக்கூடப் பேசவில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னார்.

திரும்பிப் பார்த்தாள். லைன் ஜனம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வீடு கிடைக்காதவர்கள்தான் அதில் பெரும்பாலோர். அவள் பேச்சைக் கேட்டுக் காலி செய்தவர்கள். ஒரு கிழவர் மட்டும் வாய் திறந்தார். "நல்லா வாங்கிக் குடுத்தடி எங்களுக்கு." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்குக் கொட்டகைக்குத் திரும்பி நடந்தபோது அவளோடு ஒருவரும் சேர்ந்து நடக்கவில்லை, ரோசியைத் தவிர.

5

காலனி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல முடியாது. கொல்லைப்புறத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. முதல் நாள் அம்மா குழாயடியில் உட்கார்ந்து அழுதாள்.

எங்கள் எதிர் வரிசையில் கடைசி வீடு பூட்டியே கிடந்தது. ஒதுக்கிய வாத்தியார் குடிவரவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பாக்கியம் அக்கா சில மாதம் ஆபீசுக்கு நடந்தாள். பிறகு ஒரு காலை, பட்டப்பகலில், தலையில் மூட்டையும் கையில் பாயுமாக ரோசியோடு வந்தாள். கல்லால் பூட்டை உடைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். தெருவே பார்த்தது.

போலீஸ் வந்தது. பெண்ணை இழுத்துப்போட்டால் ஊர் கூடும் என்று ஆபீசில் பயந்தார்கள் போலிருக்கிறது. ஏதோ இடைத்தேர்தல் வரவிருந்தது. போலீஸ் திரும்பிப் போனது. மறுநாள் நைனாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

மதியம் நைனா சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேரே கடைசி வீட்டு வாசலுக்குப் போய் மண்ணைத் தோண்டி வால்வைத் திருகி மூடினார். பாக்கியம் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றாள்.

நைனா தலை நிமிரவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எழுந்து வந்தார்.

அம்மா சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைக்கவில்லை. "இன்னாய்யா பண்ணிட்டு வந்த?"

"ஆர்டரு."

"எந்த ஆர்டரு? உம் பையன் செத்துப் பொறந்தப்ப எம் பக்கத்துல உக்காந்திருந்தவ அவ. அது ஞாபகம் இருக்குதா?"

"மூடலன்னா வேல போயிடும்னாங்க. வேல போனா வூடும் போயிடும். செலினு நர்ஸ் படிக்கப் போவணும். என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

அம்மா குடத்தை எடுத்தாள். எங்கள் குழாயில் நிரப்பினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவின் நடுவிலேயே நடந்து கடைசி வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள். நானும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நைனா பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

தண்ணீர் கொடுக்கிற வீட்டுக் குழாயும் மூடப்படும் என்று தெருவில் பேச்சு பரவியது. பக்கத்து வீட்டு கிளார்க்கின் மனைவி கமலா அம்மாள் நல்ல மனுஷி. ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் குடுக்கணும்னுதான் இருக்குது தெரசம்மா. எங்க வீட்டுக்காரர் பயப்படறார். புதுசா வந்த வேலை." அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். பழைய லைன்காரர்களும் கொடுக்கவில்லை. சிலருக்குப் பயம். சிலருக்கு அவள்மேல் இருந்த கோபம் ஆறவில்லை.

அம்மாவும் நானும் தினமும் காலையிலும் மாலையிலும் சுமந்தோம். ரோசி குடத்தை வாங்கும்போது சிரிப்பாள். "நாங்க காலனிக்காரங்க ஆயிட்டோம்டி. தண்ணி வூடு தேடி வருது."

6

அந்தக் கோடையில் பனமலையில் என் பெரியம்மா இறந்துபோனாள். அம்மாவும் நானும் போனோம். காரியம் முடிகிறவரை இருந்துவிட்டுத் திரும்பினோம். அனந்தபுரத்தில் பஸ் மாறும்போது செஞ்சிக்காரர் ஒருவர் அம்மாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏனென்று அப்போது புரியவில்லை.

நாங்கள் இல்லாத நாட்களில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துப்போக ஆள் இல்லை. பாக்கியம் அக்கா கூட்டப் போகிற இடத்திலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தாள். அது போதவில்லை. பழைய கொட்டகைப் பக்கம் போய் ரோசி கல்குட்டையிலிருந்து எடுத்துவந்திருக்கிறாள். அந்த வருஷம் அந்தப் பக்கம் வாந்திபேதி இருந்தது. இரண்டாவது நாள் அவளுக்கு வந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் நைனா வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தாராம். கமலா அம்மாள்தான் பிறகு எங்களுக்குச் சொன்னாள். ஓடிவந்தவர் முதலில் வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் மண்டிபோட்டு, கையாலேயே மண்ணைப் பறித்து, வால்வைத் திறந்துவிட்டார். பிறகுதான் உள்ளே போய் ரோசியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பாதி வழியிலேயே தோளில் கனம் மாறிவிட்டதாம். இதை நைனா ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கடைசி வீட்டுக் கொல்லைக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாக்கியம் அக்கா அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழவில்லை.

நைனா வாசலில் நின்றார். "பாக்கியம், இனிமே தண்ணி வரும். எவன் சொன்னாலும் மூட மாட்டேன்" என்றார்.

அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு எதுக்குண்ணே இம்மாந் தண்ணி?"

ஒரு வாரம்கூட இருக்கவில்லை. செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எந்த ஊர்ச் சூளை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நைனா சைக்கிளில் அந்தப் பக்கத்துச் சூளை ஒவ்வொன்றாகப் போய் விசாரித்தார். அவள் கிடைக்கவில்லை.

வால்வைத் திறந்ததற்காக வேலை போகும் என்று நைனா எதிர்பார்த்தார். சொல்லப்போனால் அதற்காகக் காத்திருந்தார். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. ஆபீசிலிருந்து ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மூடச் சொன்னவர் அதை மறந்தே போயிருந்தார். தேர்தல் முடிந்து வேறு கவலைகள் வந்துவிட்டன. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்க்க ஆபீசில் ஆளே இல்லை. மூடிய அன்று சாயங்காலமே திறந்துவிட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

நைனா அதைத் தாங்கவில்லை. தண்டனை கொடுத்திருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிடும். "ஒருத்தனும் கேக்கல செலினு" என்பார். "ஒருத்தனும் வந்து ஏன்டா தொறந்தன்னு கேக்கல." நான் இங்கிலாந்து புறப்பட்ட அன்று மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவர் வேறு எதையோ பேச வாயெடுத்துவிட்டு அதையேதான் சொன்னார்.

காலனியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஆடு கட்டினால் புகார், கருவாடு காயப்போட்டால் புகார், சாவுக்கு மேளம் அடித்தால் புகார். சிலர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பாறை அடிக்கே திரும்பிப் போனார்கள். கொட்டகைகள் அங்கே கடைசிவரை பிரிக்கப்படவில்லை.

7

அலுவலகப் பெண்ணுக்குப் போன் செய்து, ஓட்டுப் போடச் சொல்லி யாரிடமும் பேசமாட்டேன் என்றேன். கூட்டம் போட்டால் மொழிபெயர்க்க வருகிறேன், கேட்கிற கேள்விக்கு வருகிற பதிலை அப்படியே தமிழில் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அதுவே பெரிய உதவியாகப் பட்டது.

கூடத்தில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. இலங்கைக்காரர்கள்தான் மிகுதி. முன் வரிசையில் தவமணி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கீழ்மாடியில் இருப்பவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். நான் நெஞ்சுச் சளியில் படுத்தால் அவள்தான் ரசம் வைத்துக் கொண்டுவருவாள்.

அந்தப் பெண் படம் போட்டு விளக்கினாள். நான் தமிழில் சொன்னேன். திரும்பி வரும் உரிமை என்று சொன்ன இடத்தில் தவமணி கையைத் தூக்கினாள்.

"நாங்கள் ஒருக்கா வீட்டை விட்டுட்டு வந்தனாங்கள், அக்கா. கெதியாத் திரும்பி வரலாம் எண்டுதான் அப்பவும் சொன்னவை" என்றாள். சிலர் சிரித்தார்கள். சீக்கிரம் திரும்பலாம் என்றுதான் அப்போதும் சொன்னார்களாம் என்று நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது.

பிறகு என் கேள்வியைக் கேட்டேன். பாக்கியம் அக்கா அன்றைக்குப் புங்கமரத்தடியில் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

"எல்லோருக்கும் என்கிறீர்களே. யார் யாருக்கு இல்லை?"

"கொள்கை அளவில் எல்லோருக்கும்..."

"கொள்கை இருக்கட்டும். இந்த அறையில் இருப்பவர்களில் யாருக்கு இல்லை?"

அவள் பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார். நகராட்சியின் நிரந்தர வாடகைதாரர்களுக்கு மட்டும் உரிமை உண்டு. வேறிடத்திலிருந்து தற்காலிகமாகக் கொண்டுவந்து தங்கவைக்கப்பட்டவர்களுக்குக் கிடையாது. எத்தனை வருஷம் இருந்திருந்தாலும் கிடையாது. அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

தவமணி தற்காலிகத்தில் வந்தவள். அவள் பிள்ளைகள் இங்கேயே பள்ளி முடித்துவிட்டார்கள். அப்புறமும் அவள் தற்காலிகம்தான்.

கூடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னருகில் குனிந்து, இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தவமணியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"தவமணி, உனக்கு இல்லை. திரும்பி வர முடியாது. இது உறுதி" என்றேன்.

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சரி அக்கா" என்றாள் பிறகு. "இப்பவே சொன்னது நல்லது. பெட்டியளை ஒழுங்கா அடுக்கலாம்."

அன்று மாலை ரீட்டா போன் செய்தாள். அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "ஏன் அம்மா அப்படிச் செய்தாய்? எல்லோரையும் பயமுறுத்திவிட்டாய்" என்றாள் ஆங்கிலத்தில். பாக்கியம் அக்காவைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதே இல்லை. ரோசியைப் பற்றியும் இல்லை. சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் தொடங்கி, வால்வு வந்த இடத்தில் தமிழுக்குப் போய்விட்டேன். அவள் குறுக்கிடவில்லை. எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. முடித்ததும், "தாத்தாவா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

8

ஓட்டெடுப்பில் திட்டம் வென்றது. வெல்லும் என்று தெரியும். நானும் எதிர்த்து ஓட்டுப் போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஈரச் சுவரோடு யாருக்குத்தான் இருக்கப் பிடிக்கும்?

தவமணிக்கு வேறொரு ஊரில் வீடு கொடுத்தார்கள். ரயிலில் போனால் பாதி நாள். அங்கே அவளுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. போகிற அன்று ரீட்டா லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் வரச் சொல்லவில்லை. பெட்டிகளைக் கீழே இறக்கிக் கொடுத்தாள். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

வேன் நின்றுகொண்டிருந்தது. தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கள் திரும்பி வருவியளோ?"

"எனக்கு உரிமை இருக்குது" என்றேன். இத்தனை வருஷத்துக்கப்புறம் செஞ்சிப் பேச்சு தானாக வந்துவிட்டது.

அவள் ஏறிக்கொண்டாள். சாயங்காலம் அலுவலகத்து ஆட்கள் வந்து அவள் கதவின்மேல் இரும்புத் தகடு அடித்து மூடினார்கள். ஜன்னல்களுக்கும் அடித்தார்கள். ஆளில்லாத வீட்டில் யாரும் நுழைந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். ரீட்டா படிக்கட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வா, டீ போடுகிறேன் என்றேன். அவள் வரவில்லை.